விருது கொடுக்கிறவர்கள் மூன்றாம் வருடம் வந்து பாருங்கள்

ஒவ்வொரு ஆகஸ்ட் 15ம் தேதி காலையும் கோட்டைக் கொத்தளத்தில் கொடியேற்றி, முதலமைச்சர் பேசி முடித்ததும் விருதுகள் கொடுப்பார்கள். அப்துல் கலாம் விருது, கல்பனா சாவ்லா விருது எல்லாம் செய்தியில் பெரிதாக வரும். அதே மேடையில் மாற்றுத்திறனாளிகளுக்காக உழைத்தவர்களுக்கும் சில விருதுகள் உண்டு. சிறந்த மருத்துவர், சிறந்த சமூகப் பணியாளர், சிறந்த தொண்டு நிறுவனம், அப்புறம் மாற்றுத்திறனாளிகளுக்கு அதிக அளவில் வேலை கொடுத்த தனியார் நிறுவனம். கடைசியாகச் சொன்னதற்குப் பேப்பரில் ஒரு வரி கிடைத்தால் பெரிது. டிசம்பர் 3ம் தேதி, உலக மாற்றுத்திறனாளிகள் தினத்தையொட்டி டெல்லியில் குடியரசுத் தலைவர் கொடுக்கிற தேசிய விருதுகளிலும் வேலை கொடுக்கிறவர்களுக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது.

அந்த ஒரு வரியை நான் தேடிப் படிப்பேன். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் பெர்சனல் டிபார்ட்மெண்டில் பல வருடம் இருந்தவன் (இப்போது எச்.ஆர். என்கிறார்கள், தலைவலி அதேதான்), அதனால் இந்த மாதிரி விண்ணப்பங்கள் எப்படித் தயாராகின்றன என்பது கொஞ்சம் தெரியும். விருதே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வேலை கொடுத்தவரை மேடையேற்றிக் கை தட்டினால் பக்கத்து கம்பெனி முதலாளிக்குக் கொஞ்சம் பொறாமையாவது வரும், அதுவும் நல்லதுதான். ஆனால் நாம் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் "எத்தனை பேரை எடுத்தீர்கள்?" என்பதாகவே இருக்கிறது. எடுத்தவர்களில் எத்தனை பேர் மூன்றாம் வருடமும் இருக்கிறார்கள், அப்போது என்ன வேலை பார்க்கிறார்கள் என்று கேட்க ஆரம்பித்தால் மேடையில் நிற்கிற முகங்கள் பாதி மாறிவிடும் என்பது என் கணிப்பு.

எண்ணிக்கை எப்படி வருகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2016ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு வேலைகளில் 4 சதவீதம் ஒதுக்க வேண்டும். பழைய 1995 சட்டத்தில் இது 3 ஆக இருந்தது. தனியாருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஆட்களில் குறைந்தது 5 சதவீதம் பேர் மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி தனியார் நிறுவனங்களுக்கு அரசு ஊக்கம் தர வேண்டும், அதுவும் அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டு, என்று 35வது பிரிவு சொல்கிறது. நம் ஊர்ச் சட்டங்களில் "வசதிக்கு உட்பட்டு" என்று வந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதற்கு முன்பே, 2008ல், மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. மாதம் 25,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் மாற்றுத்திறனாளி ஒருவரைப் புதிதாக எடுத்தால், முதலாளி கட்ட வேண்டிய பி.எப்., இ.எஸ்.ஐ. பங்கை முதல் மூன்று வருடத்துக்கு அரசே கட்டும் என்பது அப்போதைய ஏற்பாடு. நல்ல திட்டம். இதைப் பற்றி நான் பேசிய முதலாளிகளில் பாதிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது, மீதிப் பேர் "அதுக்கு ஃபாரம் நிரப்புற நேரத்துல நானே கட்டிடுவேன்" என்றார்கள்.

சரி, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு இருப்பதாக மருத்துவச் சான்று இருந்தால்தான் சட்டத்தின் கணக்கில் வருவார்கள். ஒரு கம்பெனியில் (பெயர் வேண்டாம்) விருதுக்கு விண்ணப்பிக்கலாம் என்று மேலிடத்தில் முடிவானதும் என்ன செய்தார்கள் தெரியுமா? புதிதாக யாரையும் எடுக்கவில்லை. ஷாப் ஃப்ளோரில் ஒரு ரவுண்டு போய், கொஞ்சம் தாங்கித் தாங்கி நடக்கிறவர், ஒரு காது மந்தமானவர் எல்லோரையும் கூப்பிட்டு, அரசு ஆஸ்பத்திரிக்கு வேன் வைத்து அனுப்பி அடையாள அட்டை வாங்க வைத்தார்கள். அவர்களுக்கு அட்டை கிடைத்தது நல்லதுதான், பஸ் பாஸுக்காவது உதவும். ஆனால் அதே கம்பெனியில் பவர் பிரஸ்ஸில் இரண்டு விரலைக் கொடுத்த பையன் ஒருத்தன் இருந்தான், கான்ட்ராக்ட் ஆள். தையல் பிரித்த பிறகு கேட் பாஸைப் புதுப்பிக்கவில்லை. அவன் கணக்கில் இல்லை. கையில் குறைபாட்டோடு வெளியே போனவனை எந்த விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது, அப்படி ஒரு கட்டமே கிடையாதே.

எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிற இடம் இதுதான். வெளியே இருந்து ஒரு மாற்றுத்திறனாளியை உள்ளே கொண்டுவருவது கண்ணுக்குத் தெரிகிற காரியம், போட்டோ எடுக்கலாம். உள்ளே இருக்கிற ஒருவர் மாற்றுத்திறனாளி ஆகும்போது அவரை வெளியே அனுப்பாமல் இருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. அரசு வேலையாக இருந்தால் சட்டம் காப்பாற்றும். பணியில் இருக்கும்போது குறைபாடு ஏற்பட்டால் வேலையை விட்டு அனுப்பக் கூடாது, பதவியையும் குறைக்கக் கூடாது. அந்த வேலை முடியாதென்றால் அதே சம்பளத்தில் வேறு வேலை, அதுவும் இல்லையென்றால் இடம் காலியாகும் வரையோ ஓய்வு வயது வரையோ அவருக்கென்றே உருவாக்குகிற உபரிப் பணியிடம். பணியில் அடிபட்டு ஒரு காலை இழந்த காவலர் ஒருவருக்காக 2003ல் உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்தை வைத்தே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தனியாரில் இது முதலாளியின் மனசைப் பொறுத்தது. மனசுள்ள முதலாளிகள் இருக்கிறார்கள், அவர்களுக்குத்தான் பதக்கம் போய்ச் சேர மாட்டேன் என்கிறது.

எங்கள் வேலூரிலேயே இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. 1954ல் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் இளம் டாக்டர் மேரி வர்கீஸ் ஒரு வண்டி விபத்தில் முதுகுத் தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அந்தக் காலத்தில், அதுவும் ஒரு பெண்ணுக்கு, கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அங்கே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்த டாக்டர் பால் பிராண்ட், கையில் செய்கிற ஆபரேஷனை உட்கார்ந்துகொண்டே செய்யலாமே என்று யோசித்தார். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அந்த ஆபரேஷன்களைச் செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவத்தில் வெளிநாட்டில் பயிற்சி எடுத்துத் திரும்பி வந்து அந்தத் துறையையே கட்டி எழுப்பினார். பாகாயத்தில் 1966ல் திறந்த மறுவாழ்வு நிலையம் இன்றும் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது. 1972ல் பத்மஸ்ரீ. இவருடைய மன உறுதியைப் பற்றி நிறையப் பேசுகிறோம், பேசவும் வேண்டும். நான் பெர்சனல் டிபார்ட்மெண்ட் ஆள் என்பதால் என் கண் வேறு இடத்துக்குப் போகிறது. அந்த ஆஸ்பத்திரி நிர்வாகம் "இனி இவரால் நிற்க முடியாது" என்பதில் நிற்காமல், "எந்த வேலைக்கு நிற்கத் தேவையில்லை?" என்று தேடியது. நிர்வாகம் செய்ய வேண்டிய வேலை அவ்வளவுதான், அதைச் செய்கிற நிர்வாகம்தான் கிடைப்பதில்லை.

பிராண்ட் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்கிறேன். அவர் கைகளைச் சரி செய்து அனுப்பிய நோயாளிகளில் சிலர் திரும்பி வந்து குறைபட்டுக்கொண்டார்களாம். பழைய கைக்குப் பிச்சை விழுந்தது, இந்தக் கைக்கு அதுவும் விழவில்லை, வேலையும் எவனும் தரவில்லை. மருத்துவம் முடிகிற இடத்தில் முதலாளி வராவிட்டால் செய்த ஆபரேஷனே வீண். அதனால்தான் சி.எம்.சி. வளாகத்திலேயே சின்னதாகக் குடிசைகள் போட்டு, தச்சு வேலை, மர பொம்மை என்று கற்றுக்கொடுத்தார்கள். உணர்ச்சி இல்லாத கை எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம் என்று தெரியாமல் தன்னையே புண்ணாக்கிக்கொள்ளும், அதனால் கருவிகளின் கைப்பிடியையே மாற்ற வேண்டியிருந்தது. பிறகு 1963ல் காட்பாடியில் ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் உதவியோடு ஒரு தொழிற்கூடம் வந்தது, இன்று வொர்த் டிரஸ்ட் என்று பெயர். தொழுநோய் குணமானவர்களுக்காக ஆரம்பித்தது, பிறகு மற்ற மாற்றுத்திறனாளிகளும் சேர்ந்தார்கள். அனுதாபத்தில் வாங்கிப் போடும் மெழுகுவர்த்தி, காகிதக் கவர் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். வண்டி கம்பெனிகளுக்கு உதிரி பாகம் செய்து சப்ளை செய்தார்கள். மைக்ரான் கணக்கில் அளவு தப்பினால் லாட்டையே திருப்பி அனுப்பும் வாடிக்கையாளர்கள் அவர்கள். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் பெர்கின்ஸ் பிரெய்ல் தட்டச்சுக் கருவியும் அங்கே தயாராகியிருக்கிறது.

அனுதாபத்தில் கொடுத்த வேலை நிற்காது என்று அதனால்தான் சொல்கிறேன். நம் ஊரில் மாற்றுத்திறனாளிக்கு என்று சில வேலைகளை ஒதுக்கி வைத்தோம். பார்வையற்றவர் என்றால் டெலிபோன் ஆபரேட்டர். கால் ஊனமென்றால் எஸ்.டி.டி. பூத். வேறு எதையும் யோசிக்கவே இல்லை. தானாக இணைப்புக் கொடுக்கிற எக்ஸ்சேஞ்ச் பெட்டி ஆபீஸுக்கு ஆபீஸ் வந்ததும் முதல் வேலை போனது, செல்போன் வந்ததும் இரண்டாவது போனது. மஞ்சள் பெயிண்ட் அடித்த அந்த பூத்துகளுக்குள் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எங்கே போனார்கள் என்று எந்த அலுவலகமும் கணக்கு எடுத்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. இங்கிலாந்திலும் இதே கதைதான். அங்கே 1944 சட்டத்தில் 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் 3 சதவீதம் மாற்றுத்திறனாளிகள் என்று வைத்தார்கள், அதோடு லிஃப்ட் ஆபரேட்டர், கார் பார்க்கிங் உதவியாளர் என்று இரண்டு வேலைகளை அவர்களுக்கே ஒதுக்கினார்கள். லிஃப்ட்டில் பட்டனை நாமே அமுக்க ஆரம்பித்த பிறகு என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் அதற்கு முன்பே சுவாரஸ்யமான இன்னொன்று நடந்தது. முதல் உலகப் போர் முடிந்து கை கால் இழந்த வீரர்கள் லட்சக்கணக்கில் ஊர் திரும்பியபோது, 1919ல் ராஜா பெயரில் ஒரு பட்டியல் போட்டார்கள். ஊழியர்களில் 5 சதவீதம் பேர் ஊனமுற்ற முன்னாள் வீரர்களாக இருந்தால் அந்த நிறுவனத்தின் பெயர் பட்டியலில் ஏறும். ராஜாவின் முத்திரையைத் தன் லெட்டர்ஹெட்டில் அச்சடித்துக்கொள்ளலாம். கட்டாயம் எதுவும் இல்லை, வெறும் மரியாதை. ஆனால் அரசாங்க கான்ட்ராக்ட் என்று வரும்போது பட்டியலில் இருப்பவர்களுக்குத்தான் முன்னுரிமை, அங்கேதான் சூட்சுமம். 1920களில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் இந்தப் பட்டியல் கம்பெனிகளில் வேலையில் இருந்தார்கள். முத்திரைக்கு ஆசைப்பட்டவர்களும் இருந்திருப்பார்கள், டெண்டருக்கு ஆசைப்பட்டவர்களும் இருந்திருப்பார்கள். எதற்கு ஆசைப்பட்டால் என்ன? "இந்த வருடம் எத்தனை பேரை எடுத்தாய்" என்று கேட்காமல் "இன்றைக்கு உன்னிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள்" என்று கேட்டதால், ஒருவரை அனுப்பினால் இன்னொருவரைத் தேட வேண்டும், அதற்கு இருப்பவரையே வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். அந்தப் போரில் இங்கிருந்து போனவர்களும் கை கால் இழந்து திரும்பினார்கள். அவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க 1917ல் ராணி மேரி பெயரில் ஆரம்பித்த பயிற்சி நிலையம் புனே கிர்க்கியில் இருக்கிறது.

முன்னாள் ராணுவத்தினர் விஷயத்துக்கு வருகிறேன், வேலூர்க்காரன் இதைப் பேசாமல் இருக்க முடியாது. தமிழ்நாட்டிலேயே முன்னாள் படைவீரர்கள் அதிகம் இருக்கிற பகுதி எங்களுடையது. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருந்தவராக இருப்பார். வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாதது என்னவென்றால், சிப்பாயாகச் சேர்ந்தவர் 60 வயதில் ஓய்வு பெறுவதில்லை. 35லிருந்து 40க்குள், பிள்ளை ஆறாவதோ ஏழாவதோ படிக்கும்போது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். வருடத்துக்கு ஏறக்குறைய 60,000 பேர் இப்படி முப்படைகளிலிருந்து வெளியே வருகிறார்கள். பென்ஷன் உண்டுதான். ஆனால் நாற்பது வயது மனுஷன் வீட்டில் சும்மா எத்தனை நாள் உட்காருவார்?

மத்திய அரசுப் பணிகளில் இவர்களுக்கு சி பிரிவில் 10 சதவீதம், முன்பு டி பிரிவு என்று இருந்த பணிகளில் 20 சதவீதம் இடம் உண்டு. தமிழ்நாட்டில் 1986ல் ஆரம்பித்த டெக்ஸ்கோ என்ற அரசு நிறுவனம், அரசு அலுவலகங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் முன்னாள் படைவீரர்களைக் காவலுக்கு அனுப்புகிறது. சம்பளம் ஒழுங்காக வருகிறது என்று அங்கே வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். தனியாரில்? ஏ.டி.எம். வாசலில் ஒரு ஸ்டூல். நான் வேலை பார்த்த இடத்திலேயே கேட்டில் ஒரு ஹவில்தார் இருந்தார். ராணுவத்தின் இ.எம்.இ. பிரிவில் டேங்க் இன்ஜினைப் பிரித்துக் கோர்த்தவர். உள்ளே எங்கள் கம்ப்ரஸர் மாதம் ஒரு தடவை படுத்துக்கொள்ளும், சர்வீஸ் ஆள் சென்னையிலிருந்து வர இரண்டு நாள் ஆகும், அதுவரை லைன் நிற்கும். கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதிக்கொண்டிருந்தவர் ஒருநாள் சத்தத்தைக் கேட்டே "வால்வ் போயிடுச்சு சார்" என்றார். அவரை மெயின்டெனன்ஸுக்கு மாற்ற நான் குறிப்பு எழுதினேன். டிப்ளமோ இல்லை என்று திரும்பி வந்தது. 15 வருட சேவை முடித்த, பத்தாவது படித்த வீரருக்குப் பட்டப்படிப்புக்கு இணையானது என்று ராணுவம் சான்றிதழ் கொடுக்கிறது, மத்திய அரசு குரூப் சி வேலைகளுக்கு அதை ஏற்றுக்கொள்கிறது. எங்கள் கம்பெனி கம்ப்யூட்டரில் "படிப்பு" என்ற கட்டத்தைத் தட்டினால் இறங்குகிற பட்டியலில் அது இல்லை. அப்புறம் அவர் வேறு ஊருக்கு ஜெனரேட்டர் மெக்கானிக்காகப் போய்விட்டார். கம்பெனியின் ஆண்டறிக்கையில் மட்டும், முன்னாள் ராணுவத்தினருக்கு வேலை கொடுக்கிறோம் என்ற வரி அடுத்த வருடமும் இருந்தது. பொய் இல்லை, கேட்டில் வேறொருவர் உட்கார்ந்திருந்தாரே.

இன்னும் சில வருடத்தில் இது பெரிதாகும். 2022ல் வந்த அக்னிபத் திட்டத்தில் நாலு வருடம் முடிந்ததும் 25 சதவீதம் பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள். மீதிப் பேர் இருபதுகளின் நடுவில், பென்ஷன் இல்லாமல் வெளியே வருவார்கள். அவர்களை எடுக்கப்போகிற கம்பெனிகளுக்கு நிச்சயம் ஏதாவது விருது அறிவிப்பார்கள், பார்த்துக்கொண்டே இருங்கள்.

அப்போது அமெரிக்காக்காரர்களின் விதியை யாராவது எடுத்துப் படித்தால் நன்றாக இருக்கும். 2017ல் அங்கே ஒரு சட்டம் போட்டு, முன்னாள் படைவீரர்களுக்கு வேலை கொடுக்கிற கம்பெனிகளுக்குத் தொழிலாளர் துறையே பதக்கம் கொடுக்கிறது. கோல்டு, பிளாட்டினம் என்று இரண்டு நிலை. பெரிய கம்பெனி கோல்டு வாங்க வேண்டுமானால், புதிதாக எடுத்தவர்களில் குறைந்தது 7 சதவீதம் பேர் முன்னாள் வீரர்களாக இருந்தால் மட்டும் போதாது, முந்தைய வருடம் எடுத்த வீரர்களில் 75 சதவீதம் பேர் 12 மாதமாவது நிலைத்திருக்க வேண்டும். பிளாட்டினத்துக்கு 10, 85. பன்னிரண்டு மாதம் போதாது, மூன்று வருடம் வேண்டும் என்பது என் பேராசை. இருந்தாலும் விதியில் அந்த வரி இருப்பதே பெரிய விஷயம். எடுத்த ஆளை ஆறே மாதத்தில் துரத்திவிட்டு அந்தப் பதக்கத்துக்குப் போய் நிற்க முடியாது.

வயதானவர்கள் பற்றி நம் ஊரில் பேச்சே இல்லை. தமிழக அரசு ஊழியருக்கு ஓய்வு வயது 60 என்று 2021ல் ஆக்கினார்கள். தனியார் தொழிற்சாலையில் பெரும்பாலும் 58தான். 58 ஆனதும் வருகிற பி.எப். பென்ஷனுக்குக் குறைந்தபட்சத் தொகை 2014லிருந்து 1,000 ரூபாய். மாதத்துக்கு. இதை வைத்துக்கொண்டு யார் ஓய்வெடுப்பது? மறுநாளே வேலை தேடுகிறார்கள். டூல் ரூமில் டை (உலோக அச்சு) செய்கிறவர், லேத்தில் நல்ல டர்னர் என்றால் அதே கம்பெனி "கன்சல்டன்ட்" என்று பேர் வைத்துப் பாதிச் சம்பளத்தில், பி.எப். இல்லாமல், மறுபடி உட்கார வைக்கும். கைத்தொழில் இல்லாதவருக்கு அபார்ட்மெண்ட் வாட்ச்மேன், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், பொங்கலுக்கு ஒரு சட்டைத் துணி. வேலை கிடைத்ததா என்று கேட்டால் கிடைத்தது. வேலை கொடுத்தவருக்கு இதற்கும் ஒரு விருது கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் என்ன சொல்வது?

ஜெர்மனியில் டிங்கோல்ஃபிங் என்ற ஊரில் இருக்கும் பி.எம்.டபிள்யூ. ஆலையில் 2007ல் செய்த ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். பத்து வருடம் கழித்துத் தங்கள் ஆட்களின் சராசரி வயது 47 ஆகிவிடும் என்று கணக்குப் போட்டு, ஒரு கியர்பாக்ஸ் லைனில் இப்போதே அந்தச் சராசரி வருகிற மாதிரி ஆட்களைப் போட்டுப் பார்த்தார்கள். என்னென்ன மாற்ற வேண்டும் என்று அந்தத் தொழிலாளர்களையே கேட்டார்கள். 70 சின்னச் சின்ன மாற்றம். சிமெண்ட் தரைக்கு மேல் மரத் தளம், கால் வலிக்காத ஷூ, சின்ன பாகங்களைப் பார்க்கப் பூதக்கண்ணாடி, சலூனில் இருப்பது போன்ற ஏற்றி இறக்கும் நாற்காலி, வேலையை மாற்றி மாற்றிச் செய்யும் முறை. கருவிகளுக்கும் சாமான்களுக்கும் ஆன செலவு சுமார் 20,000 யூரோ, ஒரு பெரிய கார் கம்பெனிக்கு டீச்செலவு. ஒரு வருடத்தில் அந்த லைனின் உற்பத்தித் திறன் 7 சதவீதம் ஏறி, இளசுகள் இருக்கிற லைன்களுக்கு இணையாக வந்தது. நாம் ஜவுளிக்கடையில் பெண்கள் உட்கார ஒரு ஸ்டூல் கொடுங்கள் என்பதற்கே 2021ல் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. தமிழ்நாடு அதைச் செய்ததில் எனக்குப் பெருமைதான், கேரளாவுக்கு அடுத்து நாம். ஆனால் ஸ்டூல் போட்டால் வாடிக்கையாளர் என்ன நினைப்பார் என்று கவலைப்பட்ட கடைக்காரர்களையும் எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, அப்போ நல்ல கம்பெனியே இல்லையா என்று கேட்காதீர்கள். ஓசூரில் டைட்டன் ஆரம்பத்திலிருந்தே மாற்றுத்திறனாளிகளைக் கடிகாரம் கோர்க்கிற வேலைக்கே எடுத்தது. கேட்டிலும் தோட்டத்திலும் போடவில்லை, பிரதான லைனில் போட்டது, அவர்களும் அங்கேயே வருடக்கணக்கில் நிலைத்தார்கள். அதற்குக் கிடைத்த தேசிய விருதுகளில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நான் தேர்வுக் குழுவில் இருந்தால் (கூப்பிடமாட்டார்கள்) எம்.டி.யைப் பார்க்கவே மாட்டேன். நேராக ஷிப்ட் சூப்பர்வைசரைப் பார்ப்பேன். காது கேளாத பையனுக்கு அன்றைய வேலையை எப்படிச் சொல்கிறாய், நாலு சைகை செய்து காட்டு என்பேன். தெரிந்தால் பாதி மார்க். அப்புறம் கேன்டீனில் போய் அவர்கள் தனி டேபிளில் உட்காருகிறார்களா என்று பார்ப்பேன். கடைசியாக, வேலையை விட்டுப் போனவர்களின் பட்டியலைக் கேட்பேன். அந்தப் பட்டியலைத் தர யோசிக்கிற கம்பெனிக்கு அடுத்த வருடம் பார்க்கலாம். சேர்ந்தவர் கதையை விளம்பரக் கம்பெனி எழுதிக் கொடுத்துவிடும், போனவர் எண்ணுக்கு ஒரு போன் போட்டால் பத்து நிமிடத்தில் உண்மை வந்துவிடும்.

இதில் இன்னொரு சிக்கல், விண்ணப்பம் போடத் தெரிந்தவர்தான் விருது வாங்குகிறார். காட்பாடி ரோட்டில் எனக்குத் தெரிந்த ஒரு கிரைண்டிங் பட்டறை இருக்கிறது, மொத்தமே எட்டு ஆள். சர்ஃபேஸ் கிரைண்டரில் இருப்பவருக்குக் காது கேட்காது. மெஷின் திணறினால் மற்றவர்களுக்குச் சத்தத்தில் தெரியும், இவர் இடது கையை மெஷின் உடம்பின் மேல் வைத்து அதிர்விலேயே கண்டுபிடிப்பார். பதினெட்டு வயதில் வந்தவர், இப்போது அவர் மகள் காலேஜில் படிக்கிறாள். லேத்தில் இருக்கிற பெரியவருக்கு எழுபதை நெருங்குகிறது, காலை பத்துக்கு வந்து மூன்று மணிக்குப் போய்விடுவார், த்ரெட் வெட்டும் வேலை மட்டும் அவருக்கு, சம்பளம் குறைக்கவில்லை. முதலாளியிடம், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் ஃபாரம் வாங்கி நானே நிரப்பித் தருகிறேன், கையெழுத்து மட்டும் போடுங்கள் என்றேன்.

"எதுக்கு சார் வம்பு? பேர் பேப்பர்ல வந்தா மொதல்ல லேபர் இன்ஸ்பெக்டர்தான் வருவாரு. அப்புறம் ஆளாளுக்கு டொனேஷன் கேப்பான்."

அவரிடம் பேசிப் பயனில்லை என்று விட்டுவிட்டேன். பட்டறைக் கணக்கு வழக்கெல்லாம் அவர் மனைவிதான் பார்க்கிறார், அந்த அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் ஆரம்பத்திலிருந்து ஒன்று விடாமல் பீரோவில் இருக்கிறதாம்.